கம்பளத்தில் சரிந்த மாப்பிள்ளை

திருநீறு பூசிய கையை இன்னும் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை மாமனார் மேலேயே சாய்ந்துவிட்டார்!

சாய்ந்தவர் என் அண்ணன் சொக்கலிங்கம். தாங்கிப் பிடித்தவர் அவருக்குப் பெண் கொடுக்க வந்திருந்த கண்டனூரார். இடம், காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பு ஹால். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீடு நிறைய உறவு, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு. கல்யாணம் பேசி முடிக்கிற நாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரியவர்கள் காலில் விழுந்து கும்பிட்டு எழுந்ததும் அவர்கள் திருநீறு பூசிவிடுவார்கள். அப்போது கண்ணை மூடி முகத்தை லேசாக மேலே தூக்கிக் கொடுக்க வேண்டும். சாம்பல் கண்ணில் விழக் கூடாதல்லவா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்கிற காரியம். இதில் போய் யாராவது விழுவார்களா?

அண்ணன் விழுந்தார். மயக்கமில்லை, வலிப்பில்லை. நின்ற இடத்திலேயே பின்னால் ஆடி, முன்னால் ஆடி, கண்டனூராரின் தோளைக் கட்டிக்கொண்டார். கண்ணைத் திறந்த மறுகணம் நிமிர்ந்து நின்று, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

கண்டனூராருக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய மைத்துனர் பள்ளத்தூரார் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டுக் கண்டனூரார் காதில் ரகசியமாக ஒன்று சொன்னார். அவருடைய ரகசியம் ஹால் முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளை போட்டுட்டு வந்திருக்காக!"

அது மதுவிலக்குக் காலம். குடித்தவனைப் பிடித்தால் போலீஸ் கேஸ். எங்கள் வகையறாவில் அதைவிடப் பெரிய கேஸ். வெற்றிலைத் தட்டு கை மாறவே இல்லை. "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

"குடிச்சியாடா?" என்றார் அப்பச்சி. அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"இல்லை."

"அப்ப ஏன்டா விழுந்தே?"

அண்ணன் திரும்பி மாடிப்படி ஏறினார். அந்த நழுவல்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

டிரங்குப் பெட்டியில் ஒரு தலை

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வாய்த்துடுக்கு பழகியிருக்கும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுகளின் பின்பாதியில் நான் மதுரையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். சொக்கண்ணனுக்கு ஒரே தங்கை. பெண் பிள்ளையை டாக்டர் படிப்புக்கு அனுப்பிய அப்பச்சியை உறவெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்தது. அப்படிப்பட்ட அப்பச்சிக்கு அந்த லீவில் நான் கொண்டு வந்திருந்த பரிசு, ஒரு மண்டை ஓடு!

பரீட்சைக்குப் படிக்கத்தான். மேல் மூடியைத் தனியாகக் கழற்றி உள்ளே பார்க்கும்படி அறுத்தது. பெட்டியைத் திறந்த ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"கல்யாணம் பேசுற வீட்டுக்குள்ள பொணத்தைக் கொண்டாந்திருக்காளே பாவி மக!"

"பொணமில்லை ஆத்தா, எலும்பு."

"எலும்பு மட்டும் தனியா நடந்தா வந்துச்சு?"

கடைசியில் டிரங்குப் பெட்டிக்கே திருநீறு பூசிவிட்டுத்தான் அடங்கினாள்.

எனக்கென்னவோ அந்த ஓட்டைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்த மாதம் எங்களுக்குத் தலை நரம்புகள் பாடம். பைத்தியமே பிடித்துத் திரிந்தேன். மூளையிலிருந்து நேராகப் புறப்படுகிறவை பன்னிரண்டு ஜோடி. அதில் பெரும்பாலானவை வேலை ஏவுகிறவை. கண்ணை உருட்டு, மெல்லு, விழுங்கு, நாக்கை நீட்டு என்று உத்தரவு போகும். சில நரம்புகள் உத்தரவும் கொண்டு போகும், சேதியும் கொண்டு வரும். மூன்று மட்டும் தனி ரகம். ஒன்று, இரண்டு, எட்டு. இந்த மூன்றும் யாரையும் எதையும் செய்யச் சொல்லாது. வெளியே நடப்பதைக் கொண்டுவந்து மூளையிடம் ஒப்படைப்பதோடு சரி. முதலாவது வாசனை, இரண்டாவது பார்வை, எட்டாவது காது.

மண்டை ஓட்டில் அந்த வழிகளை விரல் வைத்தே தொடலாம். மூக்குக்கு நேர் மேலே ஓர் எலும்பு, சல்லடைபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள். வாசனை நரம்பின் இழைகள் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன. கொஞ்சம் பின்னால் இரண்டு வட்டத் துளைகள், கண்ணுக்கு. இன்னும் பின்னால், காதுப் பக்கம், கல்லாக இறுகிய எலும்பில் ஒரு சின்னப் பொந்து. அது எட்டாம் நரம்பின் வாசல். அந்தப் பொந்தில் ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துப் பார்த்து நான் பூரித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மை.

பெருங்காயமும் காணாமல் போன பொட்டும்

கண்டனூர்க்காரர்கள் போன பிறகு எங்கள் வீடு எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்பச்சி முகப்பில், ஆத்தா அடுப்படியில், அண்ணன் மாடியில். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மறுநாள், படித்ததை வீட்டில் இருக்கிற தலைகளிலேயே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் நரம்புக்குப் பெருங்காயம். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துவாரத்தை அடைத்து, மற்றதன் அருகே டப்பாவை நீட்டுவேன். சமையலுக்கு இருந்த முத்து அண்ணன் டப்பாவைத் திறப்பதற்குள் "காயம்!" என்று கத்திவிட்டார். அப்பச்சி நெடுநேரம் இழுத்து இழுத்துப் பார்த்து, "காப்பித்தூளா?" என்றார். வருஷக்கணக்காக ஏற்றிய மூக்குப்பொடி அவருடைய மூக்கை ஒரு வழி பண்ணியிருந்தது. எழவு வீடு அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தது.

இரண்டாவதற்கு, அப்பச்சியின் சலவை வேட்டியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு குங்குமப் பொட்டு வைத்தேன். (வேட்டிக்கு வாங்கிய திட்டு தனி.) ஆத்தாவை இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடப்பக்கப் பொட்டையே பார்த்துக்கொண்டு மெல்லக் கிட்டே வரச் சொன்னேன்.

"ஏடி! அந்தப் பொட்டு எங்கடி போச்சு!"

எங்கும் போகவில்லை. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறுகிற இடத்தில் பார்வையே கிடையாது. அவ்வளவு பெரிய கண்ணுக்குள் ஒரு குருட்டுப் புள்ளி. ஆத்தா நம்பாமல் திரும்பத் திரும்பப் போய் வந்து பார்த்தாள். "எல்லாருக்குமா இப்படி?" என்று கேட்டாள். "எல்லாருக்கும்தான்" என்றேன்.

அந்தச் சத்தத்தில் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விடுவேனா? பிடித்து உட்கார வைத்தேன். பெருங்காயம் கண்டுபிடித்தார், பொட்டைத் தொலைத்தார். எட்டாவதற்கு, காலேஜிலிருந்து கொண்டு வந்திருந்த இசைக்கவையைத் தட்டிக் காதோரம் வைத்தேன். இரண்டு காதும் கணீரென்று கேட்டது.

"நேத்து எதுக்கு அந்தாளு மூக்கை உறிஞ்சினாரு? என்ன பூசியிருந்தீக?" என்றேன்.

கூச்சத்தோடு சொன்னார். கூட்டாளி ஒருவர் சென்ட் பாட்டில் கொடுத்திருந்தாராம். பெண் வீட்டார் வருகிறார்களே என்று கைக்குட்டையை நனைத்து வைத்திருக்கிறார். சென்ட் என்றால் பாதி ஸ்பிரிட். பள்ளத்தூராரின் மூக்கு நரம்பு கொண்டு போனது ஸ்பிரிட் வாடை என்கிற சேதி மட்டும்தான். சாராயம் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. பாவம், நரம்பின் மேல் பழி சொல்ல முடியாது.

சென்ட்டுக்குக் கணக்கு சரியாகிவிட்டது. விழுந்ததற்கு?

எட்டாவதன் இன்னொரு பாதி

"எந்திரிங்க. காலைச் சேர்த்து நில்லுங்க. கண்ணை மூடுங்க."

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வெறுங்கால். லேசாக ஆடினார், ஆனால் நின்றார். காது நன்றாகக் கேட்கிறது, நிற்கவும் நிற்கிறார், எட்டாம் நரம்பு பழுதில்லை என்று முடிவு கட்டினேன். ஏதோ பசி மயக்கம் போலிருக்கிறது என்று கருவிகளை எடுத்து வைக்கப் போனேன்.

அப்போதுதான் சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ரத்தினக் கம்பளம் கண்ணில் பட்டது. விருந்தாளிகளுக்காக அன்றைக்கு அதை இரண்டு மடிப்பாக விரித்திருந்தார்கள். கால் புதையும். கம்பளத்தை உருட்டி விரித்தேன்.

"இது மேல நில்லுங்க. கண்ணை மூடுங்க. முகத்தை மேல தூக்குங்க, திருநீறு பூசுறப்ப மாதிரி."

தூக்கினார். மறுகணம் மொத்த ஆளும் என் மேல் விழுந்தார்! நான் கீழே, அவர் மேலே. நான் சிரிக்கிறேன், கத்துகிறேன், "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!" என்று கம்பளத்தில் கிடந்தபடியே கை தட்டுகிறேன். அடுப்படிக்குத் திரும்பியிருந்த ஆத்தா எனக்கும் சேர்த்து ஏதோ பிடித்துவிட்டது என்றே நினைத்தாள்.

விஷயம் இதுதான். எட்டாவது என்பது ஒரு நரம்பு அல்ல, ஒரே உறைக்குள் இரண்டு. ஒரு பாதி கேட்பதற்கு. மறு பாதி, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வதற்கு. நாம் விழாமல் நிற்க மூன்று துணை: கண், காதுக்குள் இருக்கிற அந்த மறு பாதி, தரையை உணர்கிற கால். ஒன்று போனாலும் மற்ற இரண்டும் காப்பாற்றிவிடும். அண்ணனுக்குக் காதின் மறு பாதி ஏற்கெனவே போயிருந்தது. கண்ணை மூடியதும் இன்னொரு துணையும் போயிற்று. மெத்தென்ற கம்பளம் மூன்றாவதையும் பறித்துக்கொண்டது. பிறகு மனுஷன் எதை வைத்து நிற்பார்?

"நடக்கிறப்ப கடைப் பலகை எழுத்தெல்லாம் ஆடுதா?" என்றேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"சாயங்காலம் இருட்டுனதும் தள்ளாடுதா?"

"ஆமா." கம்பள நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஊரணியில முங்குனேன் வள்ளி. தண்ணிக்குள்ள மேல எது, கீழ எதுன்னு தெரியலை. கை தரையில பட்டப்பதான் தலைகீழா இருக்கேன்னு தெரிஞ்சுச்சு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி ஞாபகம் வந்தது.

"அண்ணே, யாராச்சும் உங்களுக்கு நாள் தவறாம ஊசி போட்டாகளா?"

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

எது நல்ல பேர்?

முன்பு மில் வேலை பழகப் போகிறேன் என்று கோயம்புத்தூர் போய் மாதக்கணக்கில் இருந்தார் அண்ணன், அது பொய். மலையடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறார். டி.பி. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நோயை விரட்டி உயிரைக் காப்பாற்றிவிட்டது. படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தம் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். போகும்போது அந்த ஊசி மருந்து காதுக்குள் இருந்த அந்தப் பாதியைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

"நோய் மூளைக்கு ஏறிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். "அப்ப எனக்கு மூளை கெடலையா?"

"மூளை நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சேதிதான் வந்து சேரலை."

அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். ஆத்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டு அழுதுகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சரி, வாங்க. கார் எடுத்துக்கிட்டுப் போயி கண்டனூர்ல சொல்லிட்டு வருவோம்" என்று கிளம்பினேன்.

"வாயைத் திறந்தே, கொன்னுபுடுவேன்."

"ஏன்?"

"குடிகாரன்னா எனக்கு மட்டும்தான் பேரு. டி.பி.ன்னா வீட்டுக்கே பேரு. நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?"

"என்னை எவனாச்சும் கட்டணும்னு உங்கள்ட்ட அழுதேனா? பெரிய தியாகியாட்டம்!"

நான் என்ன கத்தியும் அசையவில்லை. ஆனால் தினமும் கண்டனூர் பஸ் ஹாரன் கேட்கிற நேரத்தில் மாடி ஜன்னலுக்குப் போய் நிற்பார். கண்டனூரார் மகள் உமையாளை ஒரு கோயில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பெண்தான் வேண்டும் என்று அப்பச்சியிடம் தானாக வாய் திறந்து கேட்டவர். இவர் வாழ்நாளில் வாய் திறந்து கேட்டதே அது ஒன்றுதான்.

கண்டனூரார் கண்ணை மூடினார்

ஒரு முற்பகல் கண்டனூராரும் பள்ளத்தூராரும் வந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். இருந்தாலும் ஆத்தா கம்பளத்தை விரித்தாள். மரியாதை போகுமா?

"நான் முடிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார் கண்டனூரார். "எங்க உமையா ஒண்ணு சொல்லிவிட்டுச்சு. குடிச்சாகளா இல்லையான்னு ஊர் சொல்ல வேணாம், அவுக வாயால சொல்லட்டும், அதை மட்டும் கேட்டுட்டு வாங்கன்னுச்சு. சொல்லுங்க தம்பி."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியங்களில் அது ஒன்று.

"குடிக்கலை மாமா" என்றார் அண்ணன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, ஊசி, ஊரணி, எதையும் விடவில்லை. அப்பச்சி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊசி போட்டா மனுசன் விழுவானா? எந்த ஊர்க் கதை இது?" என்றார் பள்ளத்தூரார்.

போதும். அதற்கு மேல் என்னால் முடியாது.

"மாமா, ரெண்டு பேரும் எந்திரிச்சுக் கம்பளத்துல நில்லுங்க!"

அப்பச்சி "வள்ளி!" என்று அதட்டினார். கண்டனூரார் என்னை ஒரு பார்வை பார்த்தார், எழுந்தார், நின்றார். கண்ணை மூடி முகத்தைத் தூக்கினார். விழவில்லை. பள்ளத்தூராரும் நின்றார். தொப்பை கொஞ்சம் ஆடியது, ஆள் நின்றுவிட்டார். பிறகு அண்ணன். கண்ணை மூடினார், சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். அதே அண்ணனைத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு விரலை மட்டும் தூணில் வைக்கச் சொன்னேன். அதே கம்பளம், அதே மூடிய கண். அசையாமல் நின்றார்! வெறுந்தரையில் நிறுத்தினேன். லேசாக ஆடி, நின்றார்.

"பாத்தீகளா? குடிச்சவன் விரலை வச்சா நேரா நிப்பானா?" என்று கத்தியே விட்டேன்.

கண்டனூரார் போய்த் தன் விரலையும் தூணில் வைத்துப் பார்த்தார். "நோய் போயிருச்சுல்ல?" என்று ஒன்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றோம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வீட்ல சொல்லிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். காபி அன்றைக்கும் ஆறிப்போயிற்று.

வெறுந்தரை

அதற்குப் பிறகு அண்ணன் ஜன்னலுக்குப் போகவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். என் லீவு முடிந்துகொண்டிருந்தது. மண்டை ஓட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. கண்டனூரார் தனியாக இறங்கினார்.

இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணத்தன்னைக்கு எங்க வீட்ல கம்பளம் விரிக்க மாட்டோம். வெறுந்தரைதான். உங்க பக்கத்து ஆளுக யாரும் மரியாதைக் குறைச்சல்னு பேசப்படாது. உமையா கண்டிசனாச் சொல்லிருச்சு."

அப்பச்சிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார். படியேறுகிறபோதே விசும்பல் கேட்டது.

"என்ன டாக்டராச்சி, எனக்கு எட்டாம் நரம்பு பாஸா பெயிலா?" என்றார் கண்டனூரார் என்னிடம்.

"பாஸ் மாமா! பள்ளத்தூர் மாமாவுக்குத்தான் முதல் நரம்பு கொஞ்சம் கோளாறு."

அவர் சிரித்த சிரிப்பில் ஆத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

கண்டனூர் வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் உறவுக்காரர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். "இவ்வளவு பெரிய வீட்ல ஒரு கம்பளத்துக்கா பஞ்சம்?" என்று என் காதுபடவே கேட்டார்கள். பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுந்து, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கித் திருநீறு வாங்கினார்கள். வரிசை வளவின் முற்றத்தைச் சுற்றி நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு தடவை அண்ணன் கண்ணை மூடும்போதும் நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

தேவைப்படவில்லை. முகத்தைத் தூக்குகிற அந்தக் கணத்தில், மாலைக்குக் கீழே, உமையாளின் சுண்டுவிரல் அண்ணன் முழங்கையைத் தொட்டது. திருநீறு பூசி முடிந்ததும் எடுத்துக்கொண்டது. அடுத்த பெரியவர், மறுபடி சுண்டுவிரல். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அப்பச்சி அந்தத் தூண் கதையைச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

வரிசைக் கடைசியில் பள்ளத்தூரார் நின்றிருந்தார். அவரும் பூசினார். அண்ணன் துளிக்கூட ஆடவில்லை.